தட்டோரம் ஒதுக்கிய பழங்கள்

ராஹெலேயின் வாயில் இரண்டு புண்கள் இருந்தன. கீழுதட்டின் உட்புறம் ஒன்று, நாக்கு நுனியில் ஒன்று. பரீட்சையோ பேட்டியோ எது நெருங்கினாலும் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு வாய்தான் முதலில் சொல்லும். அந்த வியாழக்கிழமை மதியம் அறுவடைக்கு வந்த ஆட்களோடு முற்றத்தில் விரித்த துணியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். குங்குமப்பூச் சோற்றின் மேல் வெண்ணெயில் வதக்கிப் போட்ட ஜெரெஷ்க் பழங்களை அவள் கரண்டி நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். சோற்றையும் கோழியையும் மட்டும் சாப்பிட்டாள். புளிப்பு பட்டால் புண் எரியும். அவ்வளவுதான் விஷயம்.

எதிரில் உட்கார்ந்திருந்த மாமியார் காவர் அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு தன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

எங்கள் பக்கத்தில் ஜெரெஷ்க் இல்லாத வீடு கிடையாது. தோட்டமும் அதுதான், தோட்டத்துக்கு வேலியும் அதுதான். ஒவ்வொரு கணுவிலும் மூன்று மூன்றாக முள் இருக்கும். மிளகளவுப் பழம் கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்கும். கல்யாணச் சோற்றிலும் இழவுச் சோற்றிலும் அது இருக்கும். ரத்தக்கொதிப்புக்கு அதன் சாறு, ஈரலுக்குச் சர்பத், மஞ்சள்காமாலைக்கு வேர்க் கஷாயம். வயிற்றில் பிள்ளை இருப்பவள் மட்டும் தொடமாட்டாள். கருவைக் கலைத்துவிடும் என்பார்கள். அதனால் ஒரு மருமகள் நாள் தள்ளியிருப்பதை வாயால் சொல்லவேண்டியதில்லை. மூன்று மாதம் முடிகிறவரை சொல்லவும் கூடாது, கண் பட்டுவிடும். பழத்தைத் தட்டோரம் ஒதுக்கினால் போதும், பார்க்கவேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூத்த மருமகள் ஷஹ்லா தன் மூன்று பிள்ளைகளையும் அப்படித்தான் வீட்டுக்கு அறிவித்திருந்தாள்.

ராஹெலேக்கு இது தெரியாததல்ல. அவளும் இரண்டு ஊர் தள்ளிப் பிறந்தவள்தான். அன்றைக்கு அவள் மனம் முழுக்க அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள்கிழமையில் இருந்தது.

அன்றுதான் பிர்ஜந்த் நகரத்தில் அவளுக்குப் பேட்டி. ஊர்ச் சுகாதார நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த அம்மாள் கோடையில் ஓய்வு பெற்றுப் போயிருந்தாள். சுற்றியுள்ள நான்கு ஊருக்கும் சேர்த்து அந்த ஒரே இடம். எழுத்துத் தேர்வில் ராஹெலே இரண்டாவதாக வந்திருந்தாள். பேட்டியில் எடுத்தால் இரண்டு வருஷம் பிர்ஜந்தில் பயிற்சி, பிறகு ஊருக்கே வேலையாகத் திரும்பலாம். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் குழந்தை இல்லை. புருஷன் ஹாஷெம் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன், மாதத்தில் ஒரு வாரம் வீட்டில் இருப்பான். வசந்தத்தில் புதர்களெல்லாம் மஞ்சளாகப் பூத்திருந்தபோது அவன் அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னான்: ஜெரெஷ்க் அறுக்கும்வரை பார்ப்போம், அதுவரை கை காலியாக இருந்தால் போய்ப் படிக்கட்டும். காவர் மறுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சின் மேல்தான் ராஹெலே ஏழு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தோட்டத்துக்குப் போகக் கிளம்பியவள் தன் தோல் கையுறையைக் காணாமல் தேடினாள். அதை ஷஹ்லா போட்டுக்கொண்டிருந்தாள். அறுக்கும் கத்தரியையும் காவர் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நிழலில் உட்கார்ந்து குங்குமப்பூ இதழ் பிரித்தால் போதும் என்றாள். பிறகு ஒரு சட்டியில் தணலும் காட்டு விதையும் போட்டு, புகையை ராஹெலேயின் தலையைச் சுற்றி மூன்று தரம் காட்டிவிட்டுப் போனாள். பேட்டிக்குக் கண்ணேறு கழிக்கிறாள் போலும் என்று ராஹெலே நினைத்தாள். கொஞ்சம் நெகிழ்ந்தும் போனாள்.

மதியம்தான் புரிந்தது. எல்லோருக்கும் ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறு வந்தது. அவளுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் வந்தது. பாதாம் சீவலும் திராட்சையும் போட்ட சோறு, ஒரு சிவப்புப் பழம்கூட இல்லை. பக்கத்தில் தோல் துடைத்து மினுக்கிய ஒரு சீமை மாதுளை, ஆப்பிள் மாதிரி மஞ்சள் பழம். அதைத் தின்றால் குழந்தை அழகாகப் பிறக்கும் என்பது எங்கள் பெண்களின் கணக்கு.

பாத்திரம் கழுவும்போது அவள் ஷஹ்லாவிடம் சொன்னாள்.

"அக்கா, எனக்கு வாயில புண்ணு. அதனாலதான் பழத்தை ஒதுக்கினேன்."

"வாயில புண்ணா?" ஷஹ்லா பானையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "மூத்தவனுக்கு நான் பல்வலின்னு சொன்னேன். ரெண்டாவதுக்கு நெஞ்செரிச்சல். மூணாவதுக்கு என்ன சொன்னேன்னு எனக்கே மறந்துபோச்சு."

ராஹெலே உதட்டை மடக்கிக் காட்டினாள். ஷஹ்லா ஈரக் கையோடு குனிந்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, கவனமாகப் பார்த்தாள்.

"ஆமா, புண்ணுதான். வயித்துல இருந்தா வாயில வரும்டி. சூடு."

"நான் சொல்றது உங்களுக்குப் புரியலையா?"

"எனக்கு எல்லாம் புரியுது. பதினாலு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், அவங்க கையால எனக்கு ஒரு சீமை மாதுளை துடைச்சுக் குடுத்ததில்ல. வாய மூடிக்கிட்டு அனுபவி."

சாயங்காலம் சமையலறையில் காவர் தனியாக இருக்கும்போது போய் நின்றாள். அம்மா, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று தொடங்கியதுமே காவரின் உள்ளங்கை அவள் வாய்மேல் வந்தது. அழுத்தவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். முள் குத்திக் குத்திக் காய்ந்த கை, மரப்பட்டை மாதிரி.

"பேசாதே. ஆமான்னும் சொல்லாதே, இல்லேன்னும் சொல்லாதே. ரெண்டும் ஒண்ணுதான்."

பெயர் சொல்லாத ஒன்றை எப்படி மறுப்பது என்று ராஹெலேக்குத் தெரியவில்லை.

சோதித்துச் சொல்ல ஆள் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயம். சுகாதார நிலையத்தின் அலமாரியில் அதற்கான சோதனைப் பட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் நிலையம் கோடையிலிருந்து பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்கவேண்டிய ஆளின் நாற்காலிக்குத்தான் அவள் மனுப் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை ஹாஷெமைக் கூப்பிட மொட்டை மாடிக்குப் போனாள். கைபேசிக்கு அங்கேதான் சமிக்ஞை கிடைக்கும். மண் படிக்கட்டுக்கு இரும்புக் கைப்பிடி வைத்த வீடு எங்கள் ஊரில் அது ஒன்றுதான். இறந்துபோன மாமனார் என்றோ தன் கையாலேயே அடித்து வைத்தது. அதைப் பிடித்து ஏறினாள். கீழே காவர் ஒரு காலை முதல் படியில் வைத்துக்கொண்டு அவள் இறங்கும்வரை நின்றாள்.

ஹாஷெமின் குரலில் சிரிப்பு ஏற்கெனவே இருந்தது.

"நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். அம்மா நேத்தே சொல்லிட்டாங்க."

"அப்படி ஒண்ணும் இல்ல. வாயில புண்ணு."

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னும் சொன்னாங்க."

"ஹாஷெம், நான் உண்மையைச் சொல்றேன்."

"சரி, சரி. நானும் யார்கிட்டயும் சொல்லல. கூட ஓட்டுறவருக்கு மட்டும் ஒரு தட்டு கபாப் வாங்கிக் குடுத்தேன். எதுக்குடான்னார். சும்மாதான்னேன்." லாரி இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினான். "பிர்ஜந்த் எங்கயும் ஓடிப்போகாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பிர்ஜந்த் ஓடிப்போகாது. நாற்காலி போய்விடும். அதில் ஒருத்தி உட்கார்ந்தால் இன்னும் முப்பது வருஷத்துக்கு எழுந்திருக்கமாட்டாள்.

அன்று இரண்டாம் முறை அவள் வாதாடவில்லை. பின்னால் யோசித்தபோது தன் தப்பு என்று அவள் எண்ணியது அந்த ஒரு நாளைத்தான். நான்கு வருஷமாக அந்த வீட்டில் அவள் ஹாஷெமின் பெண்சாதி. அன்று காவர் அவளை மகளே என்று கூப்பிட்டாள். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தாள். குங்குமப்பூ இதழ் பிரித்துச் சிவந்த விரல்களைத் தன் மடியில் வைத்து எலுமிச்சைத் தோலால் தேய்த்து விட்டாள். ராஹெலே சீமை மாதுளையைத் தின்றுகொண்டு பேசாமல் இருந்தாள். புண்ணுக்கு அதுவும் எரியத்தான் செய்தது.

காவருக்குத் தட்டு மட்டும் சாட்சியில்லை. பெண்கள் மாதத்தில் சில நாள் தொழுகைப் பாயை விரிப்பதில்லை. கூட்டு வீட்டில் அது யார் கண்ணுக்கும் தப்பாது. ராஹெலே கடைசியாகப் பாய் விரிக்காமல் இருந்து முப்பத்தைந்து நாளாகியிருந்தது. அவளுக்கு எப்போதுமே நாள் ஒழுங்கு கிடையாது. நாற்பது, நாற்பத்தைந்து என்று இழுக்கும். அதுவும் காவருக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை தட்டோரம் பழம் இருந்ததே.

செவ்வாய்க்கிழமை ஹாஷெமின் அண்ணனும் ஷஹ்லாவின் புருஷனுமான கொர்பானிடம், திங்கள்கிழமை பக்கத்து டவுன் காயெனில் பஸ் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டாள். கொர்பான் நல்லவன். தன் நீல நிஸான் வண்டியின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னான். வழியெல்லாம் குழி, வேறு யார் சொன்னாலும் இந்த நேரத்தில் கூட்டிப்போகமாட்டேன் என்றான். அறைக்குத் திரும்பி வந்து பேட்டிக்கான காகிதங்களை எடுத்துப் பார்த்தாள். அடையாளப் புத்தகம் இல்லை. அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று தன் பெட்டியில் வைத்திருப்பதாகக் காவர் சொன்னாள். சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

புதன்கிழமை அவள் ஒரு முடிவோடு எழுந்தாள். பழத்தை ஒதுக்கியதால் வந்த வினை, தின்றால் தீர்ந்துவிடும். எல்லோரும் பார்க்கத் தின்னவேண்டும்.

உலர்த்தும் கொட்டகையில் அன்று ஆட்கள் நிறைய இருந்தார்கள். வெட்டி வந்த கிளைகளை அடுக்கடுக்காகக் கம்பிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். வாசலிலிருந்து பின்சுவர்வரை சிவப்பு. காற்று உள்ளே வந்து போகப் பக்கச் சுவர்கள் திறந்தே இருக்கும், ஆனால் கிளைகளே சுவராக நின்றன. நடுவில் ஒருவர் மட்டும் முள் படாமல் போகிற அளவுக்கு வழி. காவர், ஷஹ்லா, கொர்பான், ஐந்தாறு கூலிப் பெண்கள். ராஹெலே நடுவில் வந்து நின்று, கைக்கு எட்டிய கொத்தை உருவினாள். கட்டைவிரலில் முள் ஏறியது. ஒரு கை நிறையப் பழத்தை வாயில் போட்டாள்.

வேலை நின்றது. ஒருத்தி தூக்கிய கிளையைத் தூக்கியபடியே நின்றாள்.

புளிப்பு புண்ணில் இறங்கி அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. மென்றாள். பாருங்கள், ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறக்குமுன் காவர் வந்துவிட்டாள். ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்து, இன்னொரு கையின் விரலை உள்ளே விட்டு, மண்ணைத் தின்ற குழந்தையின் வாயிலிருந்து தோண்டுவதுபோலப் பழங்களைத் தோண்டி எடுத்தாள். சாறு இருவர் கையிலும் வழிந்தது. ஆனால் பாதி உள்ளே போயிருந்தது.

"அந்த நாற்காலி உனக்கு அவ்வளவு பெருசா?" என்றாள் காவர். மெதுவாகத்தான் கேட்டாள்.

அந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ள ராஹெலேக்குச் சில வினாடி பிடித்தது. கூலிப் பெண்களின் முகங்களைப் பார்த்த பிறகுதான் முழுவதும் விளங்கியது. வியாழக்கிழமை மதியமே தின்றிருந்தால் அது பழம். இன்றைக்கு அது மருந்து. கர்ப்பமில்லை என்று காட்ட அவள் செய்த காரியத்தை, கர்ப்பத்தைக் கலைக்கச் செய்த காரியமாக ஒரு கொட்டகை ஆட்கள் பார்த்து முடித்திருந்தார்கள்.

அவள் படித்த புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி இருந்தது. வேரிலும் பட்டையிலும் இருக்கும் மஞ்சள் சத்துதான் கடுமையானது, கர்ப்பிணிக்கு ஆகாது. கைப்பிடிப் பழம் யாரையும் ஒன்றும் செய்துவிடாது. அந்தப் பத்தியை அவள் ஷஹ்லாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஷஹ்லா முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, இதையெல்லாம் எப்போதிருந்து படித்துவைத்திருக்கிறாய் என்றாள்.

அதற்குப் பிறகு அவளைத் தனியாக விடவில்லை. உலர்ந்த பழ மூட்டை இருந்த அறையைப் பூட்டினார்கள். சமையலறை டப்பாவிலிருந்த கைப்பிடியும் எங்கோ போனது. அவள் கழிப்பறைக்குப் போனாலும் முற்றத்தில் யாராவது நின்றார்கள். யாரும் திட்டவில்லை. தோட்டத்தின் வேலி அவள் அறை ஜன்னலிலிருந்து தெரியும். அறுத்து முடித்த புதர்கள், இலையும் பழமும் போய் முள் மட்டும் நின்றன. கால்வாய் ஓரத்து மூலையில் ஒரே ஒரு புதர் அறுக்கப்படாமல் சிவப்பாக இருந்தது. அதை ஒவ்வொரு வருஷமும் காவர் குருவிகளுக்கென்று விட்டுவிடுவாள்.

சனிக்கிழமை காலை ராஹெலேக்கு இடுப்பு வலித்தது. அந்த வலியை அவளுக்குப் பதின்மூன்று வயதிலிருந்து தெரியும். பத்து மணிக்கு உதிரம் பட்டது. எல்லா மாதமும் போலவே, அதே அளவு, அதே நிறம். சுவரில் சாய்ந்துகொண்டு தனக்குள் சிரித்தாள். ஒன்பது நாளாக யார் சொல்லியும் ஏறாததை உடம்பே சொல்லிவிட்டது. இனிப் பேச்சே வேண்டாம், பாய் விரிக்காமல் இருந்தால் போதும்.

மதியத் தொழுகைக்கு எல்லோரும் பாய் விரித்தார்கள். அவள் தூணோரம் உட்கார்ந்தே இருந்தாள். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். காவர் தொழுது முடித்து, திரும்பி, அவளைப் பார்த்தாள். பாயின் நுனியை மடிக்கப் போன கை அப்படியே நின்றது. அவள் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் ராஹெலே தானும் அந்தக் கணக்கைப் போட்டாள். புதன்கிழமை பழம். சனிக்கிழமை ரத்தம்.

மெத்தை விரித்தார்கள். சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி இடுப்புக்கு வைத்தார்கள். மாவும் வெண்ணெயும் குங்குமப்பூவும் போட்டுக் கிளறிய களியை, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதை, ஷஹ்லா கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தடவை அவள் கேலி பேசவில்லை. கண் சிவந்திருந்தது. எனக்கும் நடுவில் ஒன்று போயிருக்கிறது, உனக்குச் சொன்னதில்லை என்று மட்டும் சொன்னாள். பத்து நாள் எழுந்திருக்கக் கூடாது. திங்கள்கிழமை பத்து நாளுக்குள் இருந்தது.

நடக்காத ஒன்றுக்காக வீடே துக்கத்தில் இருந்தது. கொர்பான் வானொலியை அணைத்துவைத்தான். ராஹெலே கூரையின் உத்தரங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உண்மையை அவள் மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அது எங்கேயும் கொண்டுபோகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரொம்பப் போகுதா?"

போகவில்லை. எப்போதும்போலத்தான். ராஹெலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நிக்கவே இல்ல. தலை சுத்துது. பிர்ஜந்துல டாக்டரைப் பாக்கணும்மா."

அதுதான் அவள் சொன்ன முதல் பொய். அதை மட்டும் உடனே நம்பினார்கள்.

திங்கள்கிழமை வெயில் ஏறுமுன் நிஸானில் கிளம்பினார்கள். ஒரே இருக்கையில் கொர்பான், காவர், கதவோரம் ராஹெலே. ஒவ்வொரு குழிக்கும் கொர்பான் வண்டியை ஊர்ந்து விட்டான். ராஹெலே கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். காகிதங்களை உள்பாவாடையில் தைத்து வைத்திருந்தாள். அடையாளப் புத்தகம் இல்லாமல் என்ன சொல்லி உள்ளே போவது, அதற்குமுன் இவர்களிடமிருந்து எப்படி நழுவுவது, இரண்டுக்கும் அவளிடம் வழி இல்லை. நகரம்வரை போனால் ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தாள்.

பாதி வழியில் காஸ் நிரப்ப வரிசையில் நின்றது வண்டி. நிரப்பும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. பெண்கள் இருவரும் இறங்கிப் போய்ச் சுவரோரம் நின்றார்கள். காற்றில் காவர் தான் போர்த்தியிருந்த கறுப்புத் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பிறகு விட்டாள்.

"கால்வா ஓரமா ஒரு புதர் இருக்கே. நான் அறுக்க விடமாட்டேனே."

"குருவிக்குன்னு விட்டதுதானே."

"குருவிக்கு இல்ல." காவர் வண்டிப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஹாஷெமுக்கு அப்ப ஒன்றரை வயசு. அவன் அப்பா மஷ்ஹதுல செங்கச் சூளையில. மழையில்லாத மூணாவது வருஷம், வீட்டுல மாவு இல்ல. வயித்துல அடுத்தது வந்துடுச்சு. அந்தப் புதருக்கு அடியில தோண்டி வேரை எடுத்தேன். மூணு காலை காய்ச்சிக் குடிச்சேன். மஞ்சளா இருந்துது, குங்குமப்பூத் தண்ணி மாதிரி. கசப்பு மட்டும் இல்லேன்னா அப்படியே நெனச்சிருப்பேன்."

ராஹெலே காற்றில் பறந்த தன் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க. அவர் சூளையிலேருந்து வந்து அந்தக் கைப்பிடியை அடிச்சு வெச்சார். ரெண்டு நாள் வேலை. இனிமே விழமாட்டேன்னார். அவர் சாகுறவரைக்கும் அதைப் பிடிச்சுத்தான் ஏறினேன்."

"அம்மா..."

"தோண்டின குழியை மூடிட்டேன். அடுத்த வசந்தத்துல அங்க ஏழு குச்சி முளைச்சு நின்னுது. ஒரு வேரை எடுத்தா அது அப்படித்தான் வரும். அன்னிலேருந்து யார் சாப்பிட்டாலும் நான் தட்டைத்தான் பாப்பேன். நீ பதினேழு பழம் ஒதுக்கினே. எண்ணினேன்."

கொர்பான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தான். காவர் குரலை இன்னும் தணித்தாள்.

"நீ ஏன் செஞ்சேன்னு கேக்கமாட்டேன். என்னை யாரும் கேக்கல. ஹாஷெமுக்கு இது போகாது, ஷஹ்லா வாயையும் கட்டிட்டேன். நீயும் நானும்தான்."

ராஹெலே வாயைத் திறந்தாள். இல்லை அம்மா, எதுவும் இருக்கவே இல்லை, நீங்கள் இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். ஒன்பது சொல்தான். காவரின் முகம் பக்கத்தில் இருந்தது. முப்பது வருஷம் தூக்கியதை இறக்கிவைத்த ஆளின் முகம் அது, இறக்கிவைத்த இடத்தில் துணைக்கு ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்போடு. ராஹெலே நாக்கால் உதட்டின் உட்புறத்தைத் தடவினாள். புண் ஆறியிருந்தது. காட்டுவதற்கு அதுவும் இல்லை.

"பேட்டி எத்தனை மணிக்கு?" என்றாள் காவர்.

"...பத்துக்கு."

"டாக்டர் சாயங்காலம்வரை இருப்பார். வீட்டுல கிடந்தா இதையே நெனச்சுக்கிட்டுக் கிடப்பே. நான் கிடந்தேன்." மார்புக்குள் கை விட்டு அடையாளப் புத்தகத்தை எடுத்தாள். உடம்புச் சூடு அதில் இருந்தது. "கொர்பான்கிட்ட நான் பேசிக்கிறேன். டாக்டர்கிட்டயும் நான்தான் பேசுவேன். நீ ஒண்ணும் வாய் திறக்கவேண்டாம்."

சுகாதார அலுவலகத்தின் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. குமாஸ்தா ஒருவன் ஆளுக்கொரு படிவம் கொடுத்து, பெயர் கூப்பிடுமுன் நிரப்பி வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். காவர் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் உட்கார்ந்தாள். குழி வழியில் ராஹெலேக்கு மெத்தையாகத் தன் தொடையைக் கொடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பெயர், தகப்பன் பெயர், பிறந்த வருஷம், ரத்த வகை. ராஹெலே வேகமாக எழுதினாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன. கர்ப்பங்களின் எண்ணிக்கை. உயிரோடுள்ள குழந்தைகள்.

முதல் கட்டத்தில் பேனாவை வைத்தாள். எங்கள் எழுத்தில் பூஜ்யம் ஒரு புள்ளி, ஒன்று ஒரு கோடு. புள்ளி வைத்தாள்.

காவரின் விரல் காகிதத்தின் மேல் வந்தது. முதியோர் எழுத்து வகுப்பில் இரண்டு குளிர்காலம் படித்தவள். நீளமான வார்த்தைகளில் தடுக்கும், எண்கள் நன்றாக வரும். விரல் வார்த்தையின் கீழே எழுத்தெழுத்தாக நகர்ந்தது. கர்ப்பம் என்ற இடத்தில் நின்றது. அங்கிருந்து கட்டத்துக்குப் போயிற்று. கட்டைவிரல் நகத்தடியில் இன்னும் புதன்கிழமைச் சிவப்பு இருந்தது.

அங்கேயே நின்றது. காவர் விரலை எடுக்கவில்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. குமாஸ்தா ராஹெலேயின் முழுப் பெயரையும் வாசித்தான். பேனா இன்னும் புள்ளியின் மேல்தான் இருந்தது. அவள் அதைக் கீழ்நோக்கி இழுத்தாள். புள்ளி கோடாயிற்று.

காவர் விரலை எடுத்துக்கொண்டாள். ராஹெலே அடுத்த கட்டத்தில் ஒரு புள்ளி வைத்து, கையெழுத்துப் போட்டு, எழுந்தாள்.